முந்தின கை

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் எந்த வீடியோ கேம் பெட்டி இருக்கிறதோ, அந்தப் பெட்டியின் சட்டம்தான் அந்த வீட்டுக்கும் சட்டம். அதனால் பெட்டி எடுக்கும்போது எல்லோரும் கொஞ்சம் யோசித்துத்தான் எடுப்பார்கள். எதிர்வீட்டு ஜெயசீலி வீட்டில் இருப்பது மூன்று உயிர் கொடுக்கிற பெட்டி. அவள் வீட்டுக்காரர் முருங்கை மரத்திலிருந்து இரண்டு தடவை விழுந்து எழுந்துவிட்டார். இப்போது அவர் ஏணிப் பக்கமே போவதில்லை. முருங்கைக்காயைக் கடையில்தான் வாங்குகிறார்கள். அதற்கு அடுத்த வீட்டுப் பெட்டியில், தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வீட்டில் சோறு குழைந்துபோனால் மறுபடியும் காலையாகிவிடும். அவர்கள் பல் தேய்ப்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

பிள்ளைகள் சிறுசுகளாக இருந்தபோது எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருந்தது. அதற்குச் சட்டம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கேசட் ஓடாவிட்டால் எடுத்து ஊதிப் போட வேண்டும், அவ்வளவுதான். அந்த நாட்களில் வீட்டில் யார் முகம் வாடினாலும் பக்கத்தில் போய் ஊதிவிடுவோம், சரியாகிவிடும். அந்தப் பெட்டி நல்லபடியாக உழைத்து ஓய்ந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இந்த வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு என் பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மூத்தவன் செல்வின் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். சின்னவள் பெனிட்டா கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் இருக்கிறாள். அவர்கள் வந்திருப்பது எப்படியோ தெரிந்து, ஒரே நாளில் இரண்டு பெட்டிகள் எங்கள் வீடு பார்க்க வந்தன. வெள்ளைப் பெட்டி காலை பஸ்ஸில் வந்தது. கருப்புப் பெட்டி அதற்கு அடுத்த பஸ்ஸில் வந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு பெட்டிகள் இருந்தால் சுவர் விரிசல் விடும் என்பதால், கருப்பு தானாகவே கேட்டுக்கு வெளியே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டது.

வெள்ளைப் பெட்டி டி.வி. வழியாகப் பேசியது. செய்தி வாசிப்பவர் போல நல்ல உச்சரிப்பு.

"இந்த வீட்டில் முதல் கை மட்டுமே செல்லும். வேறொருவர் கையில் தொடங்கிய எதுவும் இங்கே ஓடாது. அது தன் முதல் கைக்கே திரும்பிப் போகும்."

நான் வெளியே போய்க் கருப்பிடமும் கேட்டேன். அதன் குரல் கொஞ்சம் கரகரப்பு.

"எனக்குப் பழசும் புதுசும் ஒண்ணுதாம்மா. பழசுல ஒரு நன்மை உண்டு. முந்தின கை ஆடி முடிச்ச கட்டமெல்லாம் அப்படியே இருக்கும், நீங்க அதுக்கு மேல ஆடலாம். ஆனா அந்த முந்தின கையும் கூடவே வீட்டுக்கு வரும். வந்தவியளுக்குச் சோறு போடணும்."

"சோறு போடுததுக்கு என்ன" என்றேன். "வெயில்ல இருக்கியே, தண்ணி குடிக்கியா?"

"இருக்கட்டும்மா. தண்ணி பட்டா எனக்கு ஆகாது" என்றது.

இரண்டில் எது என்பதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன் சொல்லிவிட வேண்டும். அதுவரை ஒன்றை உள்ளே வைத்துப் பார்க்கலாம். பெனிட்டா என்னை அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"எம்மா, வெள்ளையவே வைப்போம்."

"ஏட்டி, அண்ணன்ட்டயும் ஒரு வார்த்த கேக்காண்டாமா?"

"அவன்ட்ட என்ன கேக்க? அவன் போட்ட சட்டையத்தான் நான் போட்டேன். அவன் ஓட்டுன சைக்கிள், அவன் படிச்சுக் கிழிச்ச புஸ்தகம். புஸ்தகத்துல அவன் காந்திக்கு வரைஞ்ச மீசைய அழிச்சுட்டுத்தான் நான் பரீட்சைக்குப் படிச்சேன். ஒரு பொருளாவது முதல் கையில எனக்கு வரட்டும்மா."

அவள் சொன்னதில் தப்பில்லை. கேட்டுக்கொண்டிருந்த செல்வின், "வைங்கம்மா. அவ ஆசப்படுதால்லா" என்று சொல்லிவிட்டான். எனக்கும் அவள் மனசு தெரியும். நானும் இந்த வீட்டுக்கு இரண்டாவதாக வந்தவள்தான். என் வீட்டுக்காரர் வேதமணிக்கு முதல் மனைவி ரஞ்சிதம் அக்கா, சாயர்புரத்துக்காரி. பிள்ளை பெற்ற இரண்டாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். அந்தப் பிள்ளைதான் செல்வின். எனக்குக் கல்யாணமான அன்று அவனை ஒரு கால் கொலுசோடு என் மடியில் உட்கார வைத்தார்கள். இன்னொரு கொலுசு எங்கே என்று அன்றைக்குத் தேட ஆரம்பித்தவள்தான் நான். அக்காவின் படம் ஹாலில் மாட்டியிருந்தது. தினமும் துடைத்து, "அக்கா, இன்னைக்கு இவனுக்குச் சளி" என்று ஏதாவது சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை.

வெள்ளைப் பெட்டியை ஹால் மேஜையில் வைத்தோம். வைத்த உடனே அக்காவின் படம் ஆணியிலிருந்து இறங்கியது. சுவரோரமாகவே நடந்து, வாசலில் சற்று நின்று, சாயர்புரம் பக்கம் போய்விட்டது. அது அவள் வீட்டார் எடுத்த படம். போவதுதான் முறை.

அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அடுக்களையிலிருந்து பித்தளைத் தவலை உருண்டு வந்தது. அதன் கழுத்தில் "ராமலெட்சுமி, தென்காசி" என்று வெட்டியிருக்கும். பாத்திரக் கடையில் பழசாக எடுத்தது. அதில்தான் இத்தனை வருஷமும் எங்கள் வீட்டுத் தண்ணீர் குளிர்ந்தது. "ஸ்தோத்திரம், போயிட்டு வா" என்று படியிறங்க வழிவிட்டேன். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பஸ் டிப்போவின் மேனேஜர் மாற்றலாகிப் போனபோது எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன பீரோ, எங்கள் துணிகளைக் கட்டிலில் அடுக்கி வைத்துவிட்டு, கதவு ஆடாமல் ஒருக்களித்து வெளியேறியது. என் வேதபுத்தகம் ஞாயிறு பள்ளி டீச்சர் கொடுத்தது. போகும் முன்னால் சங்கீதத்துக்குள் நான் வைத்திருந்த மயிலிறகைத் தரையில் மெதுவாக வைத்தது. கட்டிலும் போனதால் துணிகள் மறுபடி தரைக்கு வந்தன.

அடுக்களைத் தரை மட்டும் லேசாக ஈரமாக இருந்தது. எங்கள் மனை ஒரு காலத்தில் குளமாக இருந்த இடம். அஸ்திவாரம் தோண்டும்போது நத்தை ஓடுகள் கிடைத்தன. நான் ஒரு சாக்கை எடுத்து ஈரத்தில் போட்டேன்.

வெள்ளைப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது. படம் அத்தனை தெளிவு. பெனிட்டா அதில் ஒரு தோட்டம் போட்டாள். அவள் வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றினால் மண்வாசம் ஹாலில் வரும். வீடு காலியாக இருந்ததால் அந்தத் தண்ணீர்ச் சத்தம் எதிரொலித்தது. செல்வின் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அந்தச் செடிக்கு ஊத்து, இந்தச் செடிக்கு ஊத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கையில் கொடுத்தால் ஓடாது. அவள் தொடங்கியது அவளுக்கு மட்டும்தான்.

சனிக்கிழமை காலையில், நாங்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, டி.வி. தொண்டையைச் செருமியது.

"மீதம் இருப்பவை இரண்டு. வேதமணி. செல்வின். இருவருக்கும் முதல் கை, சாயர்புரம் கல்லறைத் தோட்டம். பிற்பகல் பஸ்ஸில் இடம் பிடித்திருக்கிறோம்."

என் வீட்டுக்காரர் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு பையை எடுத்து வேட்டிகளை மடித்து வைத்தார். டிப்போவில் டிரைவராக இருந்தவர். பஸ் நேரம் என்றால் அவருக்கு முன்னதாகவே போய்விட வேண்டும்.

"என் பல் செட்ட எங்க வெச்ச?" என்றார்.

"அது புதுசுல்லா. அது வராது. இங்கதான் இருக்கும்."

"அப்ப அங்க போய் எதக் கொண்டு திங்கது?"

"கல்லறைத் தோட்டத்துல உங்களுக்கு யாரு கறி ஆக்கிப் போடப் போறா?"

"அதுவும் சரிதான்" என்று பையின் ஜிப்பை இழுத்தார். பின்பு கொஞ்ச நேரம் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தார்.

செல்வின் பையில் எடுத்து வைக்க அதிகமில்லை. அவன் மடித்துக்கொண்டிருக்கும்போதே பெனிட்டாவின் அறையிலிருந்து அவனுடைய பழைய கட்டம் போட்ட சட்டை பறந்து வந்து, தானே கையை மடித்துக்கொண்டு பைக்குள் படுத்தது. வீட்டில் இருக்கும்போது அவள் அதைத்தான் போட்டிருப்பாள். நான் அவனுக்கு ஒரு பாட்டிலில் தண்ணீரும், பண்டிகைக்குச் செய்த முந்திரிக்கொத்தில் கொஞ்சமும் கட்டினேன். சாயர்புரத்தில் அக்காவின் பக்கத்தில் வேப்பமரம் ஒன்று நிற்கிறது. மழை வந்தால் அதில் ஒதுங்கலாம். ஆனால் அவனுக்கு ஈரத்தலை ஆகாது. இரண்டு துண்டாக வைத்தேன்.

அவன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. அந்தச் சொல்லை அவன் முதலில் சொன்னது அக்காவிடம். அது காலையிலேயே போய்விட்டிருந்தது. கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டு, "ஏங்க" என்றான். "ஏங்க, இந்தக் கொத்துல எள்ளு போட்டிருக்கியளா?"

"போட்டிருக்கேன், மக்கா" என்றேன். என் சொல் என்னிடமேதான் இருந்தது. அதை நான் முதலில் சொன்னதே அவனிடம்தான்.

நான் உள்ளே போய், பீரோ நின்ற இடத்தில் முழங்கால் போட்டேன். தரையில் பீரோக் கால்களின் தடம் நான்கும் அப்படியே இருந்தன. வேதபுத்தகம் இல்லாததால் மயிலிறகைக் கையில் வைத்துக்கொண்டேன். ஆண்டவரே, நீர் எனக்குக் கொடுத்தது எதுவும் மேலேயிருந்து நேராக என் கையில் விழுந்ததில்லை. யாரோ ஒருத்தர் கொஞ்ச நாள் வைத்திருந்து, துடைத்து, எனக்குத் தந்தது. தவலையை ராமலெட்சுமி புளி போட்டுத் தேய்த்திருப்பாள். இவரை அக்கா நாலு வருஷம் பழக்கி வைத்திருந்தாள், சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவுகிற மனுஷனாகவே எனக்குக் கிடைத்தார். பிள்ளைக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தவள் அவள். நான் அவனை ஓட மட்டும்தான் பழக்கினேன். இதற்கெல்லாம் நான் இன்னும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியவளை இத்தனை நாளும் ஆணியில் மாட்டி வைத்துவிட்டு உம்மிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆமென்.

எழுந்து வந்தபோது பெனிட்டா ஹால் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். விலைச்சீட்டு இன்னும் தொங்குகிற ஒரு புது நைட்டி போட்டிருந்தாள்.

"எம்மா, இது கழுத்துல உறுத்துது."

"துவைச்சா சரியாயிரும், மக்கா."

"சரியாவாதும்மா. இவன் போட்டு நைஞ்சாத்தான் எனக்குச் சரியா வரும்." அவள் ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தாள். "அந்தக் கருப்பு வேற மூணு நாளா வெயில்ல காயுது. பாவம்லா."

"ஒந்தோட்டம் போயிருமே, ஏட்டி. வெண்டக்கா காய்க்கப் போற நேரம்."

"போட்டும்" என்றாள்.

நான் டி.வி. முன்னால் போய் நின்றேன். வெள்ளைப் பெட்டியிடம், இந்த வீட்டுக்கு வந்ததற்கு நன்றி என்றும், உங்கள் படம் ரொம்பத் தெளிவு என்றும், ஆனால் எங்களுக்குத் தோதுப்படாது என்றும் சொன்னேன். அது சடைத்துக்கொள்ளவில்லை. "உங்கள் உபசரிப்புக்கு நன்றி" என்றது. ஒயரைச் சுற்றிக்கொண்டு பிற்பகல் பஸ்ஸில் ஏறி, செல்வினுக்காகப் பிடித்து வைத்திருந்த இடத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்தது. முந்திரிக்கொத்தில் கொஞ்சம் அதனிடமும் கொடுத்துவிட்டேன். அதுவும் நாலு வீடு பார்க்க வேண்டியிருக்கும்.

பஸ் போன பிறகு செல்வின் கருப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தான். வெயிலில் சூடேறியிருந்தது. பெனிட்டா விசிறினாள்.

"சோத்துக்குச் சொல்லிட்டேன்லா, பெறவு வருத்தப்படப்பிடாது" என்றது கருப்பு.

"ஒல வெச்சாச்சு" என்றேன்.

சாயர்புரம் பஸ் வந்து நின்றது. ரஞ்சிதம் அக்கா இறங்கினாள். கையில் தன் படத்தை வைத்திருந்தாள். நடந்து வந்துகொண்டிருக்கும்போதே உருவம் சரியாகத் தெரியவில்லை. கோடு கோடாக ஓடியது. கேட்டுக்குள் வந்ததும் நான் பக்கத்தில் போய் அவள் முகத்தில் மெதுவாக ஊதினேன். பழைய பழக்கம். உடனே தெளிந்துவிட்டாள். இருபத்து நாலு வயசு, மஞ்சள் பூப்போட்ட சேலை, மூக்குத்தி இல்லாத துளை.

"வாங்கக்கா" என்றேன்.

"நீங்க என்னய அக்காங்கிய. எங்க அம்மா வயசு இருக்கும் போலுக்கே உங்களுக்கு."

"நீங்க மூத்தவியல்லா."

"அப்ப நானும் அக்கான்னே கூப்புடுதேன், அக்கா" என்றாள். உள்ளே வந்தாள். ஆணியைப் பார்த்து, படத்தைத் தானே மாட்டினாள். கொஞ்சம் சாய்வாக இருந்தது. நான் நிமிர்த்தினேன்.

என் வீட்டுக்காரர் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவி, இருக்கிற முடியைத் தண்ணீர் தொட்டுச் சீவிக்கொண்டு வந்து நின்றார். பல் செட்டும் போட்டிருந்தார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க மாமனாரு வந்திருக்காவளோன்னு நெனச்சேன்."

"நாந்தான், ரஞ்சிதம்."

"பையக் கட்டிக்கிட்டு எங்க கெளம்பிட்டிய?"

"ஒன்னயப் பாக்கத்தான் கெளம்புனேன்" என்றார்.

"பாத்தாச்சுல்லா. பைய உள்ள வைங்க" என்றாள். அவர் வைத்தார்.

செல்வின் தூணோரமாக நின்றான். அவளைவிட ஒன்பது வயசு மூத்தவனாக இருந்தான். அவள் அவன் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்தவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் நான் என்ன சொல்ல முடியும்.

அந்தச் சொல்லும் அவளோடு பஸ்ஸில் வந்திருக்க வேண்டும்.

"எம்மா" என்றான் செல்வின்.

"என்னல" என்றோம், இரண்டு பேரும்.

"சோறு ஆச்சா?"

"ஆயிட்டு" என்றேன் நான். "கைகால் கழுவிட்டு வா" என்றாள் அவள். அவன் போய்க் கழுவினான்.

சாப்பிட்டுவிட்டு அவன் வழக்கம்போலப் பாயை இழுத்துச் சுவரோரமாகப் போட்டு, உள்ளங்கால் சுவரில் படும்படி படுத்தான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். சுவர் இல்லாத இடத்தில் அவனுக்குத் தூக்கம் வராது. தூத்துக்குடி ரூமிலும் கட்டிலைத் திருப்பித்தான் போட்டிருக்கிறான். ஏன் என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ தடவை ஜெபத்தில் வைத்துக் கேட்டிருக்கிறேன். அக்கா வெற்றிலை போட்டபடி அதைப் பார்த்தாள்.

"இன்னுமா ஒதைக்கான்?" என்றாள். "நான் சோளக்காட்டு வேலைக்குப் போயிருவேன். தொட்டில ஆட்ட வீட்ல ஆளு கெடயாது. அதான் சுவத்துப் பக்கத்துல கட்டுனேன். முழிச்சான்னா சுவத்த ஒரு ஒத ஒதைச்சு அவனே ஆடிக்கிடுவான்."

நான் இத்தனை வருஷம் ஆடிய ஆட்டத்தில் அந்த முதல் கட்டத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன். செல்வினின் கால் சுவரில் லேசாக அழுத்தி அழுத்தி விட்டது. பாய் அசையவில்லை. ஆனாலும் அவன் ஆடிக்கொண்டுதான் இருந்தான்.

"இந்தாங்க அக்கா" என்று அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கொலுசை என்னிடம் கொடுத்தாள். "தொட்டிலுக்குள்ள கெடந்துச்சு. உங்கள்ட்ட குடுக்கணும்னே வெச்சிருந்தேன்."

"நானும் உங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும்னு வெச்சிருந்தேன், அக்கா" என்றேன். சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு இன்னொரு வெற்றிலையை எடுத்தாள்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்தபோது எங்கள் வாசலில் செருப்புகள் நிறைய கிடந்தன. தென்காசியிலிருந்து ராமலெட்சுமி தவலையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள், தண்ணீரும் பிடித்துவிட்டாள். டிப்போ மேனேஜர் பீரோவை ஒரு பக்கம் தாங்கிப் பிடித்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். கதவைக் கொஞ்சம் தூக்கினாற்போல் அடைத்தால் பூட்டு விழும் என்று காட்டிக் கொடுத்தார். அது இத்தனை நாளும் எங்களுக்குத் தெரியாது. ஞாயிறு பள்ளி டீச்சர் என் வேதபுத்தகத்தைத் தந்துவிட்டு, மனப்பாட வசனம் ஒன்று கேட்டார். பாதியில் மறந்தது. மீதியை அவரே எடுத்துக் கொடுத்தார். பெனிட்டா கட்டம் போட்ட சட்டையில், செல்வினோடு தோள் இடித்துக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து பழைய கேசட்டை ஊதி ஊதிப் போட்டுக்கொண்டிருந்தாள். ரஞ்சிதம் அக்கா அவர்களுக்கு நடுவில் புகுந்து, "என்ட்டயும் குடுங்கல" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் கோயில் அசன விருந்துக்குக் கொடுத்தனுப்பிய பெரிய குண்டானையே திரும்ப வாங்கி வந்து உலை வைத்தேன். எல்லோருக்கும் இலை போட்டோம். ஒருவருக்கும் குறைவில்லை. சாப்பிட்டு அவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டுப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. எட்டிப் பார்த்தேன்.

எங்கள் மனையில் இருந்த குளம் வந்து நின்றுகொண்டிருந்தது. அல்லி இலைகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, கரை தெருவில் படாமல் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தது. ஓரத்தில் ஒரு கொக்கும் கூட வந்திருந்தது.

செல்வின் இலைக்கட்டோடு என் பின்னால் வந்து நின்றான்.

"எம்மா, இவியளுக்கு எங்க எல போட?"

"ஹால்லதான்" என்றேன். "கருப்பத் தூக்கிப் பீரோ மேல வெச்சிட்டு வா. அதுக்குத் தண்ணி ஆகாது."